ஜாஹிரா பீவி தண்ணீரைச் சுழற்றிய மதியம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. சொன்னவன் நான். தென்காசியில் இன்வெர்ட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். ஆடி மாதம் ஒரு மதியம் கடைக்குப் போன் வந்தது.

"தம்பி, கடையநல்லூர்ல இருந்து ஜாஹிரா பீவி பேசுதேன். காத்துல மரம் விழுந்து கரண்ட் போயிட்டு. இன்வெர்ட்டரும் எடுக்கல. சட்டுன்னு ஆள் அனுப்புங்க, உசுரு கெடந்து துடிக்கி."

"யாருக்கு என்னக்கா? ஆக்சிஜன் வச்சிருக்கா?"

"இல்ல தம்பி. ஜெல்லிமீனு. ஏழு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் அது கேட்டிருக்கும். "அரை மணி நேரத்துல ஆள் வந்துரும்க்கா" என்றேன். எங்கள் மெக்கானிக்குகள் இரண்டு பேரும் அப்போது குற்றாலத்தில் இருந்தார்கள். சீசன் நேரம், லாட்ஜ் லாட்ஜாக வேலை. எப்போது திரும்புவார்கள் என்று எனக்கே தெரியாது.

2

முதல் வரைவின் தொடக்கம்: 'கண்ணாடிக்குள் ஏழு நிலவுகள் மிதந்துகொண்டிருந்த' — வேண்டாம். ஜாஹிரா ஒருநாளும் அவற்றை நிலவு என்று சொன்னதில்லை. 'அதுக' என்பாள்.

(நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எழுதும்போது 'அவர்' போட்டால் எங்கேயோ தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறார். அதனால் அவள்.)

இரண்டாவது வரைவு அவள் கணவர் ஒலி முகம்மதுவிடமிருந்து தொடங்கியது. வளைகுடாவில் இருபத்தாறு வருடம். அதில் பாதிக்கு மேல் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் ஜெல்லிமீன் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதையும் கிழித்தேன். வெளிநாட்டுக் கணவர் என்றதும் மிச்சத்தை நீங்களே எழுதி முடித்துவிடுவீர்கள்.

ஆக, படுக்கையறையிலிருந்து தொடங்குகிறேன்.

3

வீட்டில் ஏசி இருப்பது அந்த அறையில் மட்டும்தான். ஊருக்கே வந்துவிட்ட ஒலி முகம்மது, வந்த ஆறாம் மாதம் உருண்டையான ஒரு தொட்டியை வாங்கி அந்த அறை மேசையில் வைத்தார். மூலை இருந்தால் ஜெல்லிமீன் அதில் ஒட்டிக் கிழிந்துவிடுமாம். கொச்சியிலிருந்து ஏழு வந்தன. உப்புக் கலந்த தண்ணீர், ஓயாமல் சுற்றவிடும் மோட்டார், கண்ணுக்குத் தெரியாத இறால்குஞ்சுத் தீனி, இருபத்திநாலு மணி நேரமும் குளிர்.*

ஜாஹிராவுக்குக் குளிர் ஆகாது. தலை கனத்துவிடும். சில நாள் ஸ்வெட்டர் போட்டுப் படுத்தாள். பிறகு பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அவர் ஏன் என்று கேட்பார் என்று பார்த்தாள். அவர் கேட்கவில்லை. இத்தனை வருடம் தனியாகப் படுத்த அறை, ஆள் வந்து சேர்ந்ததும் கைவிட்டுப் போனது.

(அவர் மோசமானவரா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. இல்லை. ஒரே வீட்டில் இன்னொருவரோடு இருக்கப் பழகாதவர். அவளும்தான்.)

* ஜெல்லிமீனுக்கு இதயம் கிடையாது. அடுத்த பகுதியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வரப்போவதால், இதை உவமையாக்கிவிடக் கூடாதென்று இங்கே ஒதுக்கி வைக்கிறேன்.

4

நெஞ்சுவலி ஆனியின் கடைசியில் வந்தது. அடைப்பு, திருநெல்வேலிக்குப் போய் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். நாள் குறித்தது ஆடியில். மகள் சஃப்ரின் காரோடு வந்தாள். ஜாஹிரா புர்காவை மாட்டிக்கொண்டு பையோடு வாசலுக்கு வந்தபோது அவர் சொன்னார்:

"நீ இங்கனயே இரு. அதுகள யாரு பாப்பா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். கார் போனது.

இந்த இடத்தில் 'அவள் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். பிறகு ஜாஹிராவிடம் வாசித்துக் காட்டியபோது நிறுத்திவிட்டாள். "கலங்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்குக் கோவம். நாலு தீனி டப்பாவையும் தூக்கிச் சாக்கடையில கொட்டணும்னு இருந்திச்சு."

கொட்டவில்லை. வேளைக்குத் தீனி போட்டாள்.

5

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கடுத்த நாள்தான் காற்று. கரண்ட் போய் மோட்டார் நின்றதும் ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாக அடியில் போய்ப் படிந்தன. பால் கவரைக் கழுவிப் போட்டதுபோல. அறை சூடாக ஆரம்பித்தது.

என் அரை மணி நேரத்தை நம்பி அவள் காத்திருந்தாள். பிறகு ஈரத்துண்டைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். மூடியைத் திறந்து மரக்கரண்டியை உள்ளே விட்டு, குமிழ் கிளம்பாமல் மெதுவாகச் சுற்றினாள். குமிழ் உள்ளே மாட்டினால் அதுகளின் குடைபோன்ற உடம்பு கிழியும் என்று அவர் யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொன்றாக மேலே வந்தன. கையை எடுத்தால் கீழே போயின. ஆகவே எடுக்கவில்லை.

நாலு மணி வாக்கில் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"அதுக எப்படி இருக்கு?"

"இருக்கு."

"என்ன, ஏசி சத்தத்தயே காணும்?"

"கரண்ட் இல்ல. கரண்டியால சுத்திக்கிட்டிருக்கேன்."

"எப்பவிருந்து?"

"மத்தியானம் லுஹர் தொழுததுல இருந்து."

"விட்டுரு ஜாஹிரா. போனா போவுது. கை வலிக்கும்."

அப்போதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "இப்ப விட்டுரச் சொல்லுதீங்க. அன்னைக்கு வாசல்ல என்ன சொன்னீங்க? இதுக்குக் காவலுக்கு வேற ஆளா கெடைக்கல? உங்க பக்கத்துல நான்லா இருந்திருக்கணும்."

அவர் பதில் சொன்னார்.

6

என்ன சொன்னார்?

(அ) "ஏதாச்சும் ஆயிட்டா நீ அங்கன நின்னு பாக்கக் கூடாதுன்னுதான்…"

(ஆ) "எனக்குக் கேக்கத் தெரியல, ஜாஹிரா…"

(இ) ஒன்றும் சொல்லவில்லை, அழுதார்.

மூன்றையும் வாசித்துக் காட்டினேன். "இது ஒண்ணும் அவங்க சொன்னது இல்ல" என்றாள். சரி, என்னதான் சொன்னார் என்று கேட்டேன். "அது உனக்கு எதுக்குப்பா?" என்று எழுந்து போய்விட்டாள். எனவே அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்:

"                                             "

7

மெக்கானிக்குகள் திரும்பாததால் பேட்டரியோடு நானே போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. வழியில் இடைகால் ஊரைத் தாண்டி ரோட்டில் மரம் கிடந்தது என்பது உண்மை. கடையைவிட்டே தாமதமாகத்தான் கிளம்பினேன் என்பதும் உண்மை. கதவு திறந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. என்னைத் திட்டவில்லை. "பேட்டரிய அங்கன வையி" என்றாள். மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகும் கரண்டியை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு செத்துப்போயின. ஐந்து பிழைத்தன.

பத்து நாள் கழித்துப் பேட்டரியைச் சரிபார்க்கப் போனேன். ஒலி முகம்மது நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆள் மெலிந்திருந்தார். ஏசி மெக்கானிக் ஒருவர் டிரில்லோடு நின்றார்.

"ஏசிய ஹாலுக்கு மாத்தணும்னு போன்ல சொன்னீங்க, பாய். மாத்திரவா, இல்ல ரூம்லயே இருக்கட்டுமா? ரூம்னாலும் பழைய ஸ்டாண்டு ஆடுது, புது ஓட்டைதான். போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது."

ஏசியோடு தொட்டியும் ஹாலுக்கு வந்தால் அறை அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அவரோ இனி அறையில்தான் படுக்க வேண்டும், தொட்டியைவிட்டு. அறையிலேயே இருந்தால் அவள் ஸ்வெட்டரோடு உள்ளே போக வேண்டும், அல்லது பாயோடு வெளியே.

அவர் மெக்கானிக்கைக் கையமர்த்தினார். கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"நீ சொல்லு ஜாஹிரா. எங்கன?"

முப்பது வருடக் கல்யாணத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி என்று எழுதினேன். அடித்துவிட்டேன், எனக்கு எப்படித் தெரியும்? அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹால் சுவரைப் பார்த்தாள், அறைக்கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவசரமே இல்லை. மெக்கானிக் டிரில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தெருமுனை திரும்பும்போது டிரில் சத்தம் கேட்டது. எந்தச் சுவர் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தோன்றுகிற சுவரில் ஏசியை மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் யோசித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.