சோப்புத்தூள் சர்வே

குடும்ப வன்முறையில் போலீசும் நீதிமன்றமும் பெண்களுக்கு எவ்வளவு உதவுகின்றன என்பது எங்கள் பல்கலைக்கழக ஆய்வு. அதற்கு இரண்டு கேள்வித்தாள்கள். ஒன்று நிஜம். மற்றது சோப்புத்தூள் பற்றியது. கணவன் வந்துவிட்டால் அதை மேலே வைக்க வேண்டும். பயிற்சியில் சோப்புத்தூளில் நான்தான் முதலாவது. என்னைப்போல் தனியாக இருப்பவளுக்குத் துணி துவைப்பதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் விடுவேனா?

கிள்ளானில் சுபாவின் வீடு. "ஐசி கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து வச்சிட்டேன் நூரு அக்கா. ஆனா எங்க போனாலும் என் போனை வச்சே கண்டுபிடிச்சி வந்துடுவாரு."

"போனை விட்டுட்டு வாங்க. பெண்கள் காப்பகத்துக் கார் வரும். அவர் இல்லாத நாள் மட்டும் சொல்லுங்க."

கேட் திறக்கும் சத்தம். தாளை மாற்றினேன்.

சுபாவின் கணவர், துணிக்கடைக்காரர் சோலையப்பன் நேராக வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்ன சர்வே மேடம்?"

"சோப்புத்தூள் அண்ணே."

"இவளுக்கு என்ன தெரியும்? என்னைக் கேளுங்க."

கேட்டேன். நுரை, வாசனை, கறை என்று கால் மணி நேரம் பேசினார். இத்தனை ஒத்துழைப்பு எனக்கு எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை.

கடைசிக் கேள்வியை சுபாவிடம் கேட்டேன். "எந்த நாள் துவைப்பீங்க? எத்தனை மணிக்கு?"

"வியாழன். இவரு டெங்கில் ஊர்ல இருக்கற கடைக்குப் போனப்புறம். பத்து மணி."

அவள் குரல் நடுங்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

"சாம்பிள் இல்லையா?" என்றார் சோலையப்பன்.

"தீர்ந்துபோச்சு அண்ணே."

"அப்ப வியாழன் கொண்டாந்து குடுங்க லா. இவ வீட்லதான் இருப்பா. எங்க போகப்போறா?"

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வாடகை அறைக்குத் திரும்பி, மிச்சமிருந்த ஒரு சோப்புத்தூள் தாளை எனக்கே நிரப்பினேன். வீட்டில் எத்தனை பேர்: ஒன்று. எந்த நாள்: எந்த நாளும்.

வியாழன் பத்து மணிக்குக் கார் தெருமுனையில் நின்றது. நான் வாசலில் நின்றேன், கடையில் வாங்கிய சோப்புத்தூளோடு. சுபா ஒரே பையோடு வந்தாள். பாக்கெட்டைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மேசையில் தன் போனுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு வந்தாள்.

"ஆசையாக் கேட்டாருல்ல."

காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கினாள். "நீங்க வரலையா அக்கா?"

காப்பகம் எங்கே என்று எனக்கே சொல்லமாட்டார்கள்; விதி அப்படி.

"வேலை இருக்கும்மா," என்றேன்.

இருந்தது. துவைக்க இரண்டு சட்டை, ஒரு துண்டு. மெஷினில் கால்வாசிகூட வராது.