லைலாக் தோட்டத்தில் சொன்ன செய்தி

அந்தச் செய்தியை மாமனாரிடம் எங்கே வைத்துச் சொல்வது என்று நோரீன் மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டில் முடியாது. கூடத்துச் சுவரில் அவளுடைய இறந்துபோன கணவன் டேல் படமாக இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவள் வீட்டிலும் முடியாது. குளியலறை அலமாரியில் வாலஸின் சவர சாமான் இருக்கிறது. கடைசியில் மே மாதத்து ஒரு சனிக்கிழமை, "லைலாக் பூத்திருக்காம் பாப், பூங்கா வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று அவரைக் காரில் ஏற்றிவிட்டாள்.

ஆரின் டெர்ஹ்யூனுக்கு எழுபத்தொன்பது வயது. நியூ ஜெர்சியின் வடக்கு மலைச் சாலைகளில் நாற்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். ஒரே மகன் டேல் நெஞ்சுவலியில் போய் மூன்று வருஷமாகிறது. அதன் பிறகும் நோரீன் ஞாயிறு தவறாமல் மாமனார் வீட்டுக்குச் சூப் எடுத்துக்கொண்டு போவாள். மாத்திரைகளைப் பிரித்து வைப்பாள். இருவரும் சீட்டு விளையாடுவார்கள், அவர் ஏமாற்றுவார், அவள் கண்டுகொள்ளாதவள்போல் இருப்பாள். அவளுக்கு வேறு உறவு என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை.

அதனால்தான் பயம். பக்கத்து வீட்டு விதவை மிஸஸ் பிளாவெல்ட் மறுபடி கல்யாணம் செய்துகொண்டபோது ஆரின் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அதை நோரீன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

பூங்காவின் கல் மாளிகையை ஒட்டிய தோட்டத்தில் லைலாக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பெஞ்சில் உட்கார்ந்ததும், இதைவிட்டால் முடியாது என்று, தன் ஷூவைப் பார்த்தபடியே அவள் சொல்லி முடித்தாள். வாலஸைப் பற்றி, செப்டம்பரில் கல்யாணம் என்பதைப் பற்றி, டேலை மறக்கவில்லை என்பதைப் பற்றி. நிமிர்ந்தபோது ஆரின் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் காட்டுப் பாதைப் பக்கம் நடந்துவிட்டார்.

கொஞ்சம் தனியாக இருக்கட்டும் என்று விட்டாள். கால் மணி நேரம் போனது. முக்கால் மணி ஆனது. அவருடைய இதய மாத்திரை தன் கைப்பையில் இருப்பது நினைவுக்கு வந்ததும் அவள் ஓட ஆரம்பித்தாள்.

பாதை தொடங்கும் இடத்தில், வழி காட்டுவதற்காக, ஒரு மரத்தில் சிவப்பு வண்ணக் கோடு, இன்னொன்றில் பச்சை. எந்தப் பக்கம் போனாரோ. போனில் சிக்னல் இல்லை. நாயோடு வந்த ஒரு தம்பதியிடம் கேட்டாள். பழுப்புத் தொப்பி போட்ட பெரியவர் யாரையும் அவர்கள் பார்க்கவில்லை. அவள் திரும்பி பார்க்கிங்குக்கு ஓடினாள்.

அங்கே பூங்கா ரேஞ்சர் ட்ரூடி ஜீப்பில் சாய்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஆப்பிளை வீசிவிட்டு, வயர்லெஸில் அடையாளம் சொல்லி, அவளை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"ஏதாவது சண்டையா?"

"சண்டையில்ல. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொன்னேன். எழுந்து போயிட்டார்."

"அவரையேவா?"

"ஐயோ, அவர் என் மாமனாருங்க!"

"சரி சரி, அழாதீங்க. கோவிச்சுக்கிட்டுப் போற பெரியவங்க ரொம்ப தூரம் போகமாட்டாங்க. கால் வலிக்கும்ல."

பச்சைப் பாதையை ஒட்டிய மண் சாலையில் ஜீப் குலுங்கிக்கொண்டு போனது. ஏரிக்கரையில் ட்ரூடி வேகத்தைக் குறைத்துத் தண்ணீரைப் பார்த்தாள். அவள் எதற்குப் பார்க்கிறாள் என்று நோரீனுக்குப் புரிந்தது. நான்தான் கொன்றேன் என்று நினைத்தாள். பேசாமல் இருந்திருக்கலாமே.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. இரண்டு மைல் தள்ளியுள்ள இன்னொரு மாளிகையிலிருந்து ஒரு குரல். "ட்ரூடி, நீ தேடற ஆளுக்குப் பழுப்புத் தொப்பியா? இங்க வந்து தயவுபண்ணி கூட்டிட்டுப் போயிடு. சுத்திக் காட்டவே விடமாட்டேங்கறார்."

அது பழைய இரும்பாலை முதலாளியின் மாளிகை. பெரிய சாப்பாட்டு அறையில், சுற்றிப் பார்க்க வந்த பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் ஆரின்.

"குளிர்காலம் முழுக்கக் குதிரை வண்டியில மேல வருவாங்களா? ஜனவரியிலயா? அந்த ஏத்தத்துல நாப்பது வருஷம் நான் பனி தள்ளியிருக்கேன் அம்மா. லாரியே வழுக்கும்!"

வழிகாட்டிப் பெண்மணிக்குச் சுவர் அதிரும் குரல். "இது குடும்ப நாட்குறிப்பிலேயே இருக்குங்க!"

"அப்ப நாட்குறிப்பு புளுகுது."

நோரீன் கயிற்றுத் தடுப்பைத் தாண்டி ஓடி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "கோபம்னா என்னைத் திட்டியிருக்கலாமே பாப்! இப்படியா போறது?"

"கோபமா? எனக்கென்ன கோபம்? பாத்ரூம் பூட்டியிருந்துச்சு. மரத்துக்குப் பின்னால ஒதுங்கினேன். திரும்பினா வழி தெரியல. பச்சைக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன், இங்க கொண்டுவந்து விட்டுச்சு."

"நான் சொன்னதுக்கு ஒண்ணுமே சொல்லாம…"

"கத்திச் சொல்லு. காது மிஷின்ல பேட்டரி காலையிலயே போச்சு. நீ என்னமோ பூவைப் பத்தி சொல்றேன்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன்."

நோரீன் மூச்சை இழுத்துக் கத்தினாள். "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன் பாப்! வாலஸை!"

பதினான்கு பேரும் திரும்பினார்கள்.

"ஹீட்டர் ரிப்பேர் பண்றானே, அவனையா?"

அவள் தலையசைத்தாள்.

"அதான் பார்த்தேன். பிப்ரவரியில சரி பண்ணின ஹீட்டரைப் பார்க்க வாரா வாரம் என் வீட்டுக்கு வர்றான். உட்கார்றான், ஏதோ சொல்ல வாயைத் திறக்கறான், காபியைக் குடிச்சிட்டுப் போயிடறான். பாவம், கிறுக்கோன்னு நினைச்சேன்."

யாரோ சிரித்தார்கள். ஆரின் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "டேல் நல்ல பையன்" என்றார்.

"ஆமா பாப்."

"அப்போ இனிமே ஞாயித்துக்கிழமை வரமாட்டே."

அவரும் பயப்படுகிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூன்று வாரமாகத் தன் பயத்தை மட்டுமே நினைத்திருந்தாள்.

"வருவேன்!" என்று அவர் காதருகே கத்தினாள். "சாகற வரைக்கும் வருவேன்!"

"யார் சாகற வரைக்கும்?" என்றார் ஆரின். "சரி, அவனையும் கூட்டிட்டு வா. சீட்டாட மூணு பேர் இருந்தா நல்லது."

"மிஸஸ் பிளாவெல்ட் கல்யாணத்துக்கு மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்களே?" என்று அதே குரலில் கேட்டாள்.

"அவ கட்டிக்கிட்டவன் என் ஏணியை வாங்கிட்டுத் திருப்பியே தரல. அதுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

ட்ரூடி வயர்லெஸில் ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். நோரீன் அவரை வெளியே கூட்டிவந்து மாளிகைப் படிக்கட்டில் உட்காரவைத்து மாத்திரையைக் கொடுத்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதது இப்போதுதான் உறைத்தது. பையில் முட்டை சாண்ட்விச் இரண்டு இருந்தன. அவருடையதில் பாதியையும் அவளே தின்று தீர்த்தாள்.