நெஞ்சு சொல்லாத வலி

சாரம் சரிந்து பெயின்டர் நாலாவது மாடியிலிருந்து விழுந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. முதுகுத்தண்டு மேலேயே நொறுங்கியதில், அக்குளுக்குக் கீழே உடம்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் இன்றுவரை ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப் பையை மாற்றுவது, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது என்று அவர் மனைவி கண்ணும் கருத்துமாக இருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். எந்தத் தையல் எங்கே விடும் என்று முன்னாலேயே கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு.

"கால்தான் போச்சு, நாக்குமா போச்சு?" என்று பெயின்டர் தட்டை நீட்டுவார். அவளும் மறுக்க மாட்டாள். அந்த மனுஷனுக்கு வேறென்ன சுகம் மிச்சம்? வருஷத்துக்கு வருஷம் தொப்பை முன்னால் வந்தது. ஒருமுறை அவருடைய அக்கா வந்து பார்த்துவிட்டு, "தம்பி நல்லா பூசினாப்ல ஆயிட்டானே! எல்லாம் உன் கைராசி" என்று மெச்சியபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பெயின்டர், "கையெல்லாம் ஓஞ்சு போன மாதிரி இருக்கு" என்றார். முகம் வேர்த்துக் கொட்டியது. குமட்டியது. சிறுநீர் அடைத்தாலும் அவருக்கு இப்படி வேர்க்கும் என்பதால், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தாள்; இல்லை. நெற்றியைத் தொட்டாள், காய்ச்சல் இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தோள் நொந்திருக்கும் என்று தைலம் தேய்த்தாள். இரண்டு நாள் தேய்த்தாள். மூன்றாம் நாள் படுத்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"ஹார்ட் அட்டாக். வந்து ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "நெஞ்சு வலிச்சிருக்குமே, ஏன் உடனே வரல?"

"எனக்கு நெஞ்சு எங்க இருக்குன்னே தெரியாதே டாக்டர்" என்றார் பெயின்டர்.

டாக்டரம்மா மனைவியை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். "அசையாத உடம்பும்மா. சதை கரைஞ்சு கொழுப்பாயிடும். முன்ன சாப்பிட்டதுல பாதி போதும். சர்க்கரை வேற ஏறியிருக்கு. இதெல்லாம் உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"புண்ணு வராம பாத்துக்கச் சொன்னாங்க. கிட்னியப் பாத்துக்கச் சொன்னாங்க" என்றாள். "பாத்துக்கிட்டேன்."

கொடுத்த மாத்திரைகளால் வேறு வினை வந்தது. அவருக்கு ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைவு. மாத்திரை போட்டு உட்கார வைத்தால் கண் இருண்டு சாய்ந்தார். மாத்திரையைக் குறைத்தால் இதயத்துக்கு ஆகாது. கைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாமென்றால், அதற்கு முதலில் அவர் உட்கார வேண்டும். இருதலைக் கொள்ளி எறும்பாக அவள் நின்றபோது டாக்டரம்மா, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சாப்பாடு பாதியானது. மூன்று நாள் தட்டைத் தள்ளிக் கத்தினார். நாலாம் நாள் பேசாமல் சாப்பிட்டார். அவர் கத்தினதே தேவலை என்றிருந்தது அவளுக்கு. தையல் மிஷினைக் கட்டிலைப் பார்த்தபடி திருப்பிப் போட்டாள்.

"என்னையே பாத்துட்டுத் தச்சா, கால்சட்டைக்கு மூணு கால் வந்துடும்" என்றார்.

சிரித்தாள். ஆனால் பார்ப்பதை விடவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல."

"நெசமாவா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

எரிச்சலாக அவர் அதைச் சொல்லவில்லை. தெரிந்தால் நீயாவது சொல்லேன் என்பதுபோல் அவள் முகத்தையே பார்த்தார். அவர் மார்பில் கையை வைத்தாள். துடிப்பு உள்ளங்கையில் வந்து வந்து மோதியது. வேகமாகவா, வழக்கமாகவே இப்படித்தானா? அவள் கை அங்கே இருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. மறு கையில் போனை எடுத்தாள். கூப்பிட்டு என்னவென்று சொல்வது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.