நரி துரத்தும் படம்

அப்பாவின் விரல்களுக்குள்ளிருந்து கைப்பேசியை எடுக்கப் பார்த்தாள் ஷாமினி. வரவில்லை. திரையில் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் நரி ஒன்று கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. நரிக்குப் பின்னால் ஒரு நாய். மூன்றும் வைக்கோற்போரைச் சுற்றிச் சுற்றி ஓடின. மறுபடி இழுத்தபோதுதான் அந்தக் கை குளிர்ந்திருப்பது அவளுக்கு உறைத்தது.

பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டாள். மாதவி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஷாமினி படத்தை நிறுத்தக் குனிந்தாள்.

"முடியட்டும்மா. பாதியில நிறுத்துனா அவருக்குப் பிடிக்காதுலா."

ஷாமினி விரலை எடுத்துக்கொண்டாள்.

அப்பா முருகையா, ரந்தாவ் ஊருக்குப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தால் இடுப்பு வாரைக் கழற்றிக்கொண்டு மனைவியையும் மகளையும் துரத்துவார். இருவரும் பின்கதவு வழியாக மரங்களுக்குள் ஓடி, வெட்டிப் போட்ட மட்டைகளுக்குப் பின்னால் முள் குத்தக் குத்த உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி முடித்த கையோடு ஷாமினி சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். அம்மாவையும் கூப்பிட்டாள். அம்மா வரவில்லை. பிறகு பக்கவாதம் வந்து அப்பாவின் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. யாரோ இந்தப் பழைய படத்தைப் போட்டுக் காட்ட, அவர் பாதி வாயால் சிரித்தார். அன்றிலிருந்து அதே படம்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைக் கேட்கச் சகிக்காமல் ஷாமினி வாசலுக்குப் போய்விடுவாள்.

படம் முடிந்தது. மாதவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மகளைப் பார்க்காமல் பேசினாள்.

"போன மாசம் நானும் பக்கத்துல உக்காந்து பாத்தேன். கோழி தப்பிச்சிருச்சு. அதக் காட்டத்தான் அந்த நல்ல கையத் தூக்குனாரு. நான் தலைய மூடிக்கிட்டு செவுத்தோரம் ஒதுங்கிட்டேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுக்கப்புறமும் தெனம் படம் பாப்பாரு. சிரிக்கிறதில்ல."

"ஒனக்குப் பாவமா இருந்துச்சாம்மா?"

மாதவி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பேசியை விடுவித்தாள்.

"தெரியல" என்றாள்.

மறுநாள் வாசலில் கூடாரம் போட்டார்கள். அப்பாவின் அண்ணன் நல்லசாமி, தம்பியைப் போல் உழைப்பாளி இந்தத் தோட்டத்தில் பிறக்கவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அழாமல் இருக்கிறாளே என்று பெண்கள் மாதவியைப் பற்றி முணுமுணுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது அவள் சவப்பெட்டியை நெருங்கவில்லை. எட்ட நின்று கையை நீட்டிப் போட்டாள். பாதி அரிசி கன்னத்தில் சிதறியது. ஷாமினி குனிந்து அதை ஒதுக்கிவிட்டாள். மழிக்காத தாடி உள்ளங்கையில் குத்தியது. அந்த முகத்தை இதற்கு முன் எப்போது தொட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

பெட்டியை ஏற்றிய வண்டி போனபின் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைமுழுகிவிட்டு வந்த மாதவி, கூடாரத்தில் கிடந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். ஷாமினி அவளுக்குத் தேநீர் கலந்து கொண்டுவந்தாள்.

அப்போது செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வளைவில் வேகம் குறைந்து, வீட்டை நெருங்கியது. ஷாமினி தன்னையறியாமல் பின்கதவு வரை போய்விட்டிருந்தாள். தேநீர் கையில் தளும்பிச் சுட்டது. திரும்பிப் பார்த்தாள். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன் யாரோ, நீளக் கம்பைத் தோளில் சாய்த்தபடி வீட்டைத் தாண்டிப் போனான்.

கூடாரத்தில் அம்மா தூங்கிவிட்டிருந்தாள். கால்கள் நீண்டு கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. மோட்டார் கிளப்பிய புழுதி மெல்ல அவள் ஈரத் தலைமுடியில் வந்து படிந்தது.