ஆறாவது டேக்

தகப்பன் பாசத்தைப் பற்றிய படம் என்றுதான் சொன்னார்கள். கடத்தப்பட்ட மகளை மீட்க ஒருவன் தூத்துக்குடித் துறைமுகத்தையே அடித்து நொறுக்குகிறானாம். கன்டெய்னர் மேல் ஏறி ஓடுகிறான், நாற்பது பேரை ஒற்றை ஆளாகப் புரட்டி எடுக்கிறான், கடைசியில் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளிவிடப்பட்ட பிள்ளையைப் பாய்ந்து காப்பாற்றுகிறான். அந்த நாயகனுக்கு முழங்கால் தண்ணீர் என்றாலே ஆகாது. அதனால் அவருடைய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு குதிக்க, திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் வில்பிரட்டைப் பிடித்தார்கள். மகளாக நடிக்கும் குழந்தை சென்னைப் பிள்ளை, அதற்குச் சளி பிடித்துவிடும் என்று வில்பிரட்டின் பத்து வயது மகள் ஜெஸ்லினையும் சேர்த்தே பிடித்தார்கள். கடற்கரைப் பிள்ளைக்குச் சளியே பிடிக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ!

ஜெஸ்லினுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். வில்பிரட்டுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

முயல்தீவுக்கு அப்பால் மூன்று போட்டுகள் நங்கூரம் போட்டு நின்றன. மூன்றும் திரேஸ்புரத்துப் போட்டுகள், ஓட்டுகிறவர்களும் திரேஸ்புரத்துக்காரர்கள். ஜெஸ்லின் காலில் தளர்வாகச் சுற்றிய கயிற்றின் முனையில் ஒரு கல். அந்தக் கல்லோடு இரண்டு ஆள் ஆழம் இறங்கி, காலை உதறிக் கல்லை விட்டுவிட வேண்டும். இடுப்பில் இன்னொரு கயிறு. அதை அவள் இரண்டு தரம் வெட்டி இழுத்தால், மேலே பிடித்திருப்பவர் அந்த நிமிஷமே தூக்கிவிட வேண்டும். கீழே நடப்பதைப் படம் பிடிக்க, தண்ணீருக்குள் இரும்புக் கம்பியில் ஒரு கேமராவைக் கட்டியிருந்தார்கள். போட்டில் கூடாரம் போட்டு, அதன் நிழலில் இயக்குநர் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். வேறு எவன் கண் அசந்தாலும், அக்காள் தாலியைக் கையில் பிடித்திருப்பவன் அசர மாட்டான். வில்பிரட்டுக்குப் பதினான்கு வருஷமாகக் கயிறு பிடிப்பவன் அவன் மனைவி டயானாவின் தம்பி கிளைட்டன். அன்றைக்கு மருமகளின் கயிற்றையும் அவன்தான் பிடித்தான். ஐந்து டேக் ஆயிற்று. ஐந்து தரமும் ஜெஸ்லின் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள்.

இயக்குநருக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை. எழுந்து வந்து வில்பிரட்டின் தோளில் கை போட்டார். "வில்பிரட் சார், உங்க மச்சான் ரொம்ப சீக்கிரம் தூக்கிடறாரு. பாப்பா முகத்துல பயமே வரல. இந்த ஒரு டேக் கயித்த நம்ம அசிஸ்டென்ட் பிடிக்கட்டும்."

"வேண்டாம் அத்தான்" என்றான் கிளைட்டன். "அவருக்குக் கயிறு பழக்கமில்ல."

வில்பிரட்டை அதுவரை ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. தோளில் போட்ட கையையும் அவர் இன்னும் எடுக்கவில்லை. "ஒரு தடவதான மாப்ள. நீ அந்த போட்டுல போயி நில்லு" என்று சொல்லிவிட்டான்.

ஆறாவது டேக். கல்லோடு ஜெஸ்லின் இறங்கினாள். இயக்குநர் கை காட்டியதும் குதிக்க வில்பிரட் போட்டின் நுனியில் நின்றான். கயிறு வெட்டி இழுத்தது. ஒன்று, இரண்டு. உதவி இயக்குநர் கயிற்றைப் பார்க்கவில்லை, இயக்குநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று.

"தூக்குங்க சார்!" என்று கத்தினான் வில்பிரட்.

"ஹோல்ட்! யாரும் தூக்காதீங்க!" டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இயக்குநர் கத்தினார். "வருது, வருது... சூப்பர்!"

அவர் கையை எதிர்பார்க்காமல் வில்பிரட் பாய்ந்தான். கீழே கல் கயிறு பிள்ளையின் கணுக்காலில் முடிச்சாக இறுகியிருந்தது. உதற உதற இன்னும் இறுகியது. வாயிலிருந்து குமிழி குமிழியாக மூச்சுப் போய்க்கொண்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்து அறுத்தான். தன் மகளைத் தூக்குகிறோமா, வேறு எதையோ தூக்குகிறோமா என்று தெரியாமலே மேலே வந்தான்.

ஜெஸ்லின் போட்டில் குப்புறக் கிடந்து கடல் தண்ணீரைக் கக்கினாள். யூனிட் மொத்தமும் கை தட்டியது.

ஆமாம், கை தட்டினார்கள். படுபாவிகள், ஒருவராவது ஒரு துண்டை எடுத்து நீட்டவில்லை.

"என்ன ஒரு ஷாட்! இனி டேக்கே வேண்டாம்" என்று இயக்குநர் துள்ளினார். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த நாயகன், தன் உதவியாளர் நீட்டிய போனைப் பார்த்து, ஒரு தகப்பனாக இந்தக் காட்சி தன்னை உலுக்கிவிட்டதாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தலைமுடி கூட நனைந்திருக்கவில்லை.

அதற்குள் கிளைட்டன் நீந்தி வந்து ஏறிவிட்டான். அடிக்க ஓங்கிய அவன் கையை வில்பிரட் பிடித்து நிறுத்தினான். மகள் மூச்சு சீரானதும் எழுந்து இயக்குநர் முன்னால் போனான்.

"அந்தப் படத்த அழிங்க சார்."

"என்னங்க பேசறீங்க? படத்துக்கே உயிர் இந்த ஷாட்தான்."

வில்பிரட் திரும்பி மற்ற போட்டுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ஏலே, அத அழிக்கிற வரைக்கும் எவனும் இஞ்சின ஸ்டார்ட் பண்ணப்பிடாது!"

மூன்று போட்டுக்காரர்களும் சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இயக்குநர் போனை எடுத்தார். "போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. பத்து வயசுப் பிள்ள தூக்கு தூக்குன்னு இழுக்கும்போது தூக்காதன்னு சொன்னது யாருன்னு நாங்களும் சொல்லுதோம்."

போன் சட்டைப் பைக்குள் திரும்பிப் போயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது, ஐஸ் பெட்டியும் காலியானது. கடைசியில் வாயைத் திறந்தவர் நாயகன். "அழிச்சுத் தொலைங்க சார். இந்த வெயில் என்னால தாங்க முடியல." பிள்ளையின் உயிருக்காக இளகாத கூட்டம், அவர் தோல் கறுத்துவிடுமே என்று இளகியது.

வில்பிரட்டின் கண் முன்னாலேயே, டிவியில் ஒருமுறை காட்டிவிட்டு அழித்தார்கள். அந்த ஒருமுறையில் அவன் மகளின் முகத்தைப் பார்த்தான். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி எந்தக் குழந்தையும் நடிச்சுக் கொடுக்காதுங்க."

"எம்பிள்ள நடிக்கலயே சார்" என்றான் வில்பிரட்.

இஞ்சின்கள் உறுமின. கிளைட்டன் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட, ஜெஸ்லின் தகப்பன் மடியில் சுருண்டு கிடந்தாள். கரை தெரியத் தொடங்கிய பிறகுதான் பேசினாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"எதுக்குப்பா அழிக்கச் சொன்னிய? நான் சரியாப் பண்ணலியா?"

இயக்குநர் மேல் கொதித்த கொதிப்பெல்லாம் திரும்பி வில்பிரட் மேலேயே வந்து விழுந்தது.

"ஏளா, நீ சரியாத்தான் இழுத்த" என்றான். "அப்பாதான் கயித்த ஆள் மாத்திக் குடுத்துட்டேன்."