நாலாவது காரணம்

எனக்கு மொட்டை போட்ட மறுவாரமே கல்லூரியில் இண்டர்வியூ. இந்த அவசரக் கைங்கரியம் அம்மாவுடையது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால் என் முடியைத் தருவதாக மலைமேல் முருகனிடம் வேண்டிக்கொண்டவள், பத்து நாள் பொறுத்திருக்கலாம். மனுவில் ஒட்டியிருந்த படத்திலோ எனக்கு ரெட்டைச் சடை.

எட்டாம் வகுப்பில் நான் பெரியவளானதும் நைனா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். எங்கள் நெசவாளர் தெருவில் அது ஒரு செய்தியே இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. அண்ணனின் பழைய புத்தகங்களை மடியில் விரித்து, தறிக்குப் பக்கத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே உரக்கப் படித்தேன். தறிச் சத்தத்தை மீறிக் கத்தினால்தான் எனக்கே கேட்கும். மூன்று வருஷத்தில் நைனா ஒரு நாள்கூட என்ன படிக்கிறாய் என்று கேட்டதில்லை. நானும் அவரோடு தேவைக்கு மேல் பேசுவதை விட்டுவிட்டேன். பிரைவேட்டாகப் பரீட்சை எழுதினேன். பி.யு.சி. மனுவில் கையெழுத்துக் கேட்டேன், போட்டார். அவ்வளவுதான்.

அது 1974. பிரின்சிபால் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கிளார்க் தணிகாசலம் குனிந்து, "பிரைவேட்டு கேஸு சார். ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் எழுதிட்டு வந்து நிக்கிறாங்க" என்றார்.

"வேண்டுதல் மொட்டை சார்" என்றேன்.

"இந்த ஊர்ல பாதிப் பேர் மொட்டைதாம்மா. படத்துல இருக்கறது நீதான்னு எப்படி நம்புறது?" என்றார் கிளார்க்.

"யார்கிட்ட படிச்சே?" என்றார் பிரின்சிபால்.

"யார்கிட்டயும் இல்ல சார். வீட்ல நானேதான்."

அவர் பேனாவை மூடினார். சேர்க்கைக்கு அன்றுதான் கடைசி நாள். இதை விட்டால் மணவூரில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. பிரின்சிபால், துணைக்கு வந்து என் பின்னால் நின்ற நைனாவிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. இந்தப் பொண்ணு படிச்சதைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். 'எனக்கு இன்னா தெரியும்' என்று சொன்னாலே போதும், என் கதை முடிந்தது. அவர் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

நைனா கண்ணை மூடினார். தறி மிதிக்கிற மாதிரி அவருடைய வலது கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

"மொகலாயப் பேரரசின் வீழ்ச்சிக்குக் காரணங்கள். ஒண்ணு, ஔரங்கசீப்பின் சமயக் கொள்கை. ரெண்டு, முடிவில்லாத தக்காணப் போர்கள். மூணு, வலிமையற்ற வாரிசுகள். அஞ்சு, அந்நியர் படையெடுப்பு."

"நாலு?"

"நாலு கிடையாதுங்க. மூணுக்கப்புறம் அஞ்சுதான்."

கிளார்க் சிரித்துவிட்டார். "புத்தகத்துல அந்த எடத்தை எலி கடிச்சிடுச்சி சார். அதை நான் படிக்கவே இல்ல" என்றேன்.

பிரின்சிபால் சிரிக்கவில்லை. "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று நைனாவைக் கேட்டார்.

"கையெழுத்து மட்டும் போடுவேங்க. இது சொல்லிகினே இருக்கும், நான் நெய்ஞ்சிகினே இருப்பேன். சத்தம் நின்னா எனக்குக் கை ஓடாது, எழுந்து போயிடுச்சான்னு திரும்பிப் பாப்பேன்." கை கூப்பினார். "ஸ்கூலை நிறுத்தினவன் நான்தாங்க. தப்பு எம்மேல. இதைச் சேத்துக்கங்க."

பிரின்சிபால் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருஷமாக மனசுக்குள் நான் நைனாவைத் திட்டாத திட்டு இல்லை. அவ்வளவையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அழுதுகொண்டே வெளியே வந்தேன். நைனா என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார்.

"அந்த நாலாவது காரணம் இன்னாம்மா?"

"எனக்கும் தெரியாது நைனா. காலேஜுல கேட்டுகினு வந்து சொல்றேன்."

"ஆங், மறக்காம கேளு" என்றார்.