சர்ஜன் அக்காவின் கண்

உலகத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூ எல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்பது என் கணவரின் நம்பிக்கை. எங்களுடையது மூக்குக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் நான் கண் பரிசோதிக்கிறேன். பின்னறையில் அவர் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிறார். கடுகளவு ஸ்க்ரூவை, என்னோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே முடுக்கிவிடுவார். அதனால்தான் என் தம்பி கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகச் சொன்னதும், "ரெடிமேட் எதுக்குடா? சாமானா வாங்கு, நான் மாட்டித் தரேன்" என்று ஒரே போடாகப் போட்டார்.

தம்பி மருத்துவமனையில் நர்ஸ். ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிறவன். கூடப் படித்தவர்கள் கல்யாணம், வேலை என்று திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். "அவனுங்களை நான் பாக்கறதே கேம்லதான்க்கா. என் பழைய லேப்டாப் அதுல மூச்சு வாங்குது. பாதிச் சண்டையில நான் சிலை மாதிரி நிக்கறேன், அவனுங்க சிரிக்கறானுங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் பாவமாக இருந்தது.

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம், அதற்குள் அடங்க வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேசை ஒரு வாரம் சந்தைக்கடையாக இருந்தது. தம்பிக்குக் கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் வைத்த கேபினெட் மேல் ஆசை. "விளக்கைப் பாத்துக்கிட்டா விளையாடுவே? படம் ஓடறது கிராபிக்ஸ் கார்டுல. காசை அதுல போடு" என்றார் இவர். தம்பி விளக்கை விட்டுக்கொடுத்தான். பிராசஸரில் ஒரு படி இறங்கினான். ராம் மெமரியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு ஆராய்ச்சி நடந்ததில்லை.

கம்ப்யூட்டர் கடையில் எங்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தது சர்ஜன் அக்கா. அந்தப் பெயர் கடைக்காரர்கள் வைத்தது. மூலையில் அவளுடைய பெஞ்சு. வளைந்த கழுத்துள்ள பூதக்கண்ணாடி விளக்கின் கீழே கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையோடு குனிந்திருப்பாள். நிஜ சர்ஜனுக்கே அவ்வளவு நிதானம் இருக்குமா என்று தெரியாது. மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமா என்று தம்பி கேட்டதற்கு, "வேற எதுல வேணா இழுத்துப் பிடிங்க தம்பி. இது படுத்தா தனியாப் படுக்காது" என்றாள்.

கடைசியாக மதர்போர்டு. அதன் நடுவில் பிராசஸர் உட்காரும் சதுரத்துக்குள் தலைமுடியைவிட மெல்லிய பின்கள் வரிசை வரிசையாக நிற்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. பெட்டியைக் கொடுப்பதற்கு முன் மூடியைத் தூக்கி, விளக்கின் கீழே பின்களை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பெட்டிக்கு ஸ்டிக்கர். பின் வளைந்த போர்டைக் கம்பெனி திரும்ப எடுக்காது.

அக்கா மூடியில் கை வைத்தாள். "அட, வேண்டாம்மா. எங்களுக்கும் இதே வேலைதான். உங்க மேல நம்பிக்கை இல்லாமலா?" என்றார் என் கணவர், பெரிய மனுஷத் தோரணையில். அவள் ஒரு நிமிடம் தயங்கினாள். அப்புறம் சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள்.

அன்று மாலை தம்பி டியூட்டிக்குப் போய்விட்டான். அவன் வருவதற்குள் முடித்துவைத்து அசத்த வேண்டும் என்று இவருக்கு ஆசை. நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன். பிராசஸரின் ஒரு மூலையில் குட்டி முக்கோணம் இருக்கும். அது சதுரத்தின் முக்கோணத்தோடு பொருந்த வேண்டும். இவர் இரண்டு விரலால் அதைப் பிடித்துக் கொண்டுபோனார். மாற்றி வைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "என்னங்க, அந்தப் பக்கம்!" என்று கத்தினேன். அவர் சரியாகத்தான் பிடித்திருந்தார். என் கத்தலில் விரல் நழுவி, பிராசஸர் பின்கள் மேல் மூலை குத்தி விழுந்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஒரு ஓரத்தில் பின்கள் சாய்ந்து கிடந்தன. ஃபிரேம் நிமிர்த்தும் சாமணத்தால் இவர் நிமிர்த்தப் போக, பக்கத்தில் நின்றவையும் சாய்ந்தன. அவ்வளவு நேரம் விசில் அடித்துக்கொண்டிருந்த மனிதர் சாமணத்தைக் கீழே வைத்தார்.

"மூடியைத் தூக்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

தம்பிக்கும் அதையே சொன்னோம். அவன் நம்பினான். நம்பியதால்தான் மறுநாள் கடையில் அவன் கோபம் அவ்வளவு நிஜமாக இருந்தது. "உழைச்சுச் சேத்த காசு சார்!" என்று அவன் குரல் உடைந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். "திறக்கறப்பவே இப்படித்தாங்க இருந்துச்சு" என்றேன். கண் டாக்டர் தோரணையில், குரல் பிசிறாமல் சொன்னேன். எனக்கே என் மேல் ஆச்சரியம்.

"காட்டினியா?" என்று முதலாளி அக்காவைக் கேட்டார்.

"இல்ல சார். சார்தான்..." என்று என் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மவுஸ்களை எண்ணிக்கொண்டிருந்தவர் மாதிரி குனிந்து நின்றார். அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. "காட்டல சார்" என்றாள்.

வேறு போர்டு கொடுத்தார்கள். இந்த முறை மூடியைத் தூக்கிக் காட்டினாள். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எல்லாம் நேராக நின்றன. நான் அவசரமாகச் "சரி" என்றேன்.

கம்ப்யூட்டர் ஜோராக ஓடியது. தம்பி எங்களை உட்காரவைத்து அவன் ஓடுவதையும் பாய்வதையும் காட்டினான். "மாமா கை வச்சா மாமாதான்" என்று ஹெட்போனில் நண்பர்களிடம் பெருமையடித்தான். மாமா பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார். கம்ப்யூட்டர் விசிறி உறுமும்போதெல்லாம் எனக்குச் சர்ஜன் அக்கா முடிக்காமல் விட்ட வாக்கியம்தான் ஞாபகம் வந்தது. முதலாளி அவளை நாலு வார்த்தை திட்டியிருப்பார், அத்தோடு போயிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன், வாய்க்குப் போகாது.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு சர்ஜன் அக்கா வந்தாள்.

குட்டு உடைந்தது என்றே நினைத்தேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள். வரட்டும், நாலு பேர் முன்னால் கேட்கட்டும், அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஒரு விநாடி நிம்மதிகூட வந்தது.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும் மேடம்" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். தெரிஞ்ச கண்ணாடிக் கடைன்னா உங்களுதுதான்." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு அந்த போர்டைக் காலையிலயே நான் ஒருவாட்டி மூடியைத் தூக்கிப் பாத்தேன் மேடம். எல்லாம் நேராத்தான் தெரிஞ்சுது. அதனாலதான் சார் வேண்டாம்னதும் விட்டுட்டேன். அப்புறம் பாத்தா இப்படி. அப்போ என் கண்ணுலதானே கோளாறு? முதலாளியும் அதான் சொல்றாரு. பெஞ்சுல வேற ஆளைப் போட்டுட்டாரு. நான் இப்போ குடோன்ல பெட்டி அடுக்கறேன். கண்ணாடி போட்டுட்டு வா, அப்புறம் பாக்கலாம்னாரு."

எங்கள் மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வசவு வாங்கத் தயாராக இருந்த எனக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. பின்னறையில் தேய்க்கும் இயந்திரம் நின்றது.

என் வேலையைச் செய்தேன். வேறென்ன செய்ய? எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. ஒரு கண்ணை மூடிப் படித்தாள், மறு கண்ணை மூடிப் படித்தாள். கடைசி வரி வரை தடங்கலே இல்லை. பலகையைத் தயாரித்த அச்சகத்தின் பெயர் அடியில் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். கேட்காமலே அதையும் படித்தாள். கிட்டப் பார்வை அட்டையைக் கொடுத்தேன். அதுவும் அப்படியே. என்னைவிட நல்ல கண்.

"எப்படி மேடம்?" என்றாள். குரலில் பயம்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எதுக்கும் ஒரு லென்ஸ் போட்டுப் பாக்கலாம்" என்றுதான் வந்தது. கொஞ்சமாகப் பவர் உள்ள ஒரு கண்ணாடியைக் காசு வாங்காமல் மாட்டிவிட்டால் பெஞ்சு அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும், எங்கள் கதையும் வெளியே வராது. இப்படியும் ஒரு புத்தி. சோதனை ஃபிரேமை அவள் மூக்கில் வைத்தேன். பவர் லென்ஸை எடுக்கப் போன கைக்கு என்ன ஆனதோ, பக்கத்தில் கிடந்த வெறும் கண்ணாடியை எடுத்துச் செருகியது. ஜன்னல் கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

"இப்போ எப்படி இருக்கு? முன்னைக்கு நல்லாருக்கா?"

பலகையை உற்றுப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள். "ஆமா மேடம்" என்றாள் மெதுவாக. "இப்போதான் நல்லாத் தெரியுது. முன்னாடி மங்கலாத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஃபிரேமைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"அது வெறும் கண்ணாடிம்மா. அதுல ஒண்ணுமே இல்ல. உங்க கண்ணு சுத்தமா இருக்கு. காலையில நீங்க பாத்தப்போ பின் எல்லாம் நேராத்தான் இருந்துச்சு. நாங்கதான் வீட்டுல பிராசஸரை அது மேல போட்டு வளைச்சோம். கடையில பொய் சொன்னது நான்தான்."

பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு என் கணவர் வந்து நின்றார். "கை என்னோடது" என்றார்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். "அப்போ நான் பாத்தது சரிதானா?" என்று கேட்டாள்.

"சரிதான்."

"நெஜமாவா?"

"நெஜமா."

மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நேத்து வீட்டுல சட்டைக்குப் பட்டன் தைக்கணும்னு ஊசியை என் பொண்ணுகிட்ட நீட்டினேன் மேடம், நூலைக் கோத்துக் குடுன்னு" என்றாள். "முடியாம இல்ல. பயம். கோக்க வரலன்னா என்ன பண்றதுன்னு." அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ஏன் மேடம்?" என்றாள். தம்பியின் காசு, கணவரின் கௌரவம் என்று ஏதேதோ தொண்டை வரை வந்தது. மென்று விழுங்கினேன்.

"உங்க முதலாளிகிட்ட இப்பவே வந்து சொல்றோம். போர்டு காசையும் கட்டிடறோம்" என்றேன்.

"தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார் இவர்.

ஷட்டரை இழுத்துவிட்டு மூவரும் இறங்கி நடந்தோம். அவள் எங்களுக்கு இரண்டடி முன்னால் போனாள். கோபமாக இருக்கிறாள், பேசமாட்டாள் என்று நினைத்தேன். திருப்பத்தில் சட்டென்று நின்றாள். தெருக்கோடியில் ஒரு மருந்துக்கடைப் பலகை. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எனக்கு அது கோடாகத்தான் தெரிந்தது.

"ஞாயிறு அரை நாள் விடுமுறை" என்று படித்தாள். என் பக்கம் திரும்பினாள். "சரியா மேடம்?"

கிட்டே போகும் வரை பொறுத்திருந்து பார்த்துவிட்டு, "சரிதான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நாலடி நடந்து, அடுத்த பலகையையும் படித்தாள்.